கடைசி மொழிபெயர்ப்பாளர்

மாநாட்டுக்குப் பெயர் வைக்க ஏழு மாதம் ஆயிற்று. மாநாடு நடந்தது ஒன்றரை நாள்.

எங்கள் பேரவையின் வேலை கம்ப்யூட்டரைத் தமிழ் பேசவைப்பது. திரையில் 'சேவ்', 'பிரிண்ட்' என்று இருக்கிற இடத்திலெல்லாம் தமிழ் வரவேண்டும். அதில் யாருக்கும் கருத்து வேற்றுமை கிடையாது. யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்று பொதுவில் விடப்பட்ட மென்பொருள்களைத்தான் தொடுவோம். அதிலும் சண்டை இல்லை. அவற்றைக் 'கட்டற்ற' மென்பொருள் என்று சொல்வதா, 'திறந்த' மென்பொருள் என்று சொல்வதா என்பதில்தான் வெட்டுக்குத்து. கட்டற்றவர்கள் திறந்தவர்களோடு டீ குடிக்க மாட்டார்கள். திறந்தவர்கள் கட்டற்றவர்களின் கடிதங்களைத் திறப்பதில்லை.

மின்னஞ்சல் குழுவில் இதைப் பற்றி ஆயிரத்து நானூறு கடிதங்கள் ஓடின. கடைசியில் 'கட்டற்ற/திறந்த மென்பொருள் மாநாடு, மாமல்லபுரம், 2007' என்று முடிவாயிற்று. நடுவில் இருக்கிற சாய்கோடு யார் பக்கம் சாய்கிறது என்று மேலும் இரண்டு வாரம் பேசினோம்.

அதே ஏழு மாதத்தில் நாலாயிரத்து இருநூறு வாக்கியங்கள் தமிழுக்கு வந்தன. அவற்றை மொழிபெயர்த்தது ஒரே ஆள். அந்த ஆளுக்குக் குழுவில் கடிதம் எழுத அனுமதி இல்லை. அவரைப் பற்றிக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். சொல்லவேண்டியதைத் தள்ளிப்போடுவது எனக்குப் பழக்கம், இந்தக் கதையே அதனால் வந்ததுதான்.

என் பெயர் கோபாலகிருஷ்ணன். வீடு செங்கல்பட்டில், வேலை சிறுசேரியில். பேரவையில் நான் தன்னார்வத் தொண்டன். கூட்டத்தில் ஒருவர் "இதை யாராவது செய்யலாமே" என்று சொன்னவுடன் எல்லோரும் யாரைத் திரும்பிப் பார்க்கிறார்களோ அவன்தான் தன்னார்வத் தொண்டன். நாற்காலிக்குச் சொல்வது, பேனர் கட்டுவது, பேச்சாளர்களை பஸ் ஸ்டாண்டிலிருந்து அழைத்து வருவது எல்லாம் என் தலையில். கூடவே, மொழிபெயர்த்த கோப்புகளை சர்வரில் ஏற்றுகிற உரிமையும் எனக்கு இருந்தது. வட்டாரத்துக்கு ஒருவருக்குத்தான் அந்த பாஸ்வேர்டு. செங்கல்பட்டு எனக்கு வந்ததற்குக் காரணம், அன்றைய கூட்டத்துக்குச் செங்கல்பட்டிலிருந்து நான் ஒருவன்தான் போயிருந்தேன்.

இனித் தள்ளிப்போட முடியாது. ரெபேக்காள்.

முந்தின வருஷம் செய்யூரில் பேரவை ஒரு பயிற்சி முகாம் நடத்தியது. நூறு நாற்காலி, இருநூறு நோட்டீஸ், ஒரு மைக் செட். வந்தது ஒருவர். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருந்த ஜாப் டைப்பிங், பிரவுசிங் கடையில் வேலை பார்க்கிற ரெபேக்காள். முப்பத்திரண்டு வயது. அப்பா ஏசுதாஸ் ஒரு காலத்தில் அடுத்தவர் நிலத்தில் கடலைக்காய் பிடுங்கப் போனவர், இப்போது பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேன். "இந்த மிஷின்ல தமிழே வராதான்னு வர்றவங்கல்லாம் கேக்குறாங்கோ. அதான் இன்னான்னு பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன்" என்றார். முகாம் அறிக்கையில் எங்கள் செயலாளர் ஹரிகிருஷ்ணன், 'கலந்துகொண்டவர்களில் நூறு சதவீதம் பேர் பங்களிப்பாளர்களாக மாறினர்' என்று எழுதினார். அது பொய் இல்லை.

ரெபேக்காள் மறுநாளே ஆரம்பித்துவிட்டார். கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் மொழிபெயர்ப்பார். வாரா வாரம் சனிக்கிழமை கோப்புகள் எனக்கு மெயிலில் வந்துவிடும். கூடவே போனும் வரும். "கோபாலு, அனுப்பிகீறேன். ஏத்திடு."

நானும் ஏற்றிவிடுவேன். ஏற்றுவதற்கு முன்னால் ஒருமுறை திறந்து பார்ப்பேன். அவர் வேலையில் திருத்த ஒன்றும் இருக்காது. எப்போதாவது ஒரு புள்ளி, ஒரு இடைவெளி. சேமித்து, ஏற்றுவேன்.

அங்கேதான் வினை. அந்தக் கோப்புகளின் தலைப்பில் 'லாஸ்ட் டிரான்ஸ்லேட்டர்' என்று ஒரு வரி உண்டு. கடைசியாக யார் சேமித்தார்களோ அவர்கள் பெயரைப் புரோகிராம் தானாகவே அதில் எழுதிக்கொள்ளும். முந்தைய பெயரை அழித்துவிடும், கேட்கக்கூடக் கேட்காது. ரெபேக்காள் ஒரு வாரம் உட்கார்ந்து நூற்றைம்பது வாக்கியம் செய்வார். நான் ஒரு இடைவெளியைத் தட்டிச் சேமிப்பேன். கோப்பு என் பெயருக்கு வந்துவிடும்.

முதல் வாரம் எனக்கு இது தெரியாது. இரண்டாம் வாரம் தெரியும். மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். மூன்றாம் வாரம் தலைவர் கோதண்டராமனிடமிருந்து கடிதம் வந்தது. 'கோபாலகிருஷ்ணன் அவர்களே, உம் தமிழ் கண்டு வியந்தோம்.' என் தமிழைக் கண்டு பள்ளிக்கூட நாளிலிருந்தே யாரும் வியந்ததில்லை. அந்த வாரம் மாற்றவில்லை. பிறகும் மாற்றவில்லை.

மாநாட்டுக்குப் பத்து நாள் முன்னால் ரெபேக்காள் போன் செய்தார். சிறுசேரியில் ஒரு கம்பெனி செல்போனுக்குத் தமிழ் போட ஆள் எடுக்கிறதாம். அந்தக் கம்பெனியின் சியாமளா என்கிற அதிகாரி மாநாட்டுக்கு வருகிறாராம். "டிகிரி கேக்க மாட்டாங்களாம் கோபாலு. செஞ்ச வேலைய காட்னா போதுமாம். நான் பிளஸ் டூதான். ஆனா வேலை கீதே, நாலாயிரம் கீதே! அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை நீ சொல்லிடு. போதும்."

"வாங்கக்கா, பாத்துக்கலாம்" என்றேன்.

மாநாடு மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ஒரு விடுதி அரங்கில். ஏ.சி. போட்டதால் கடல் பக்கத்து ஜன்னல்களைச் சாத்தி, திரையும் போட்டிருந்தார்கள். வாசலில் பதிவு மேசையில் நானும் ஹரிகிருஷ்ணனும் உட்கார்ந்திருந்தோம். வருகிறவர்கள் கழுத்தில் நாங்கள் அடையாள அட்டை மாட்டவேண்டும். அமைப்பாளருக்குச் சிவப்பு நாடா, பேச்சாளருக்கு நீலம், பங்களிப்பாளருக்கு மஞ்சள், பார்வையாளருக்குப் பச்சை. பச்சை நாடாக்காரர்கள் வெளி வராந்தாவில் இருக்கிற ஸ்டால்களைப் பார்க்கலாம், உள்ளே நடப்பதை ஸ்பீக்கரில் கேட்கலாம். அரங்குக்குள் வரமுடியாது. கட்டற்ற மாநாட்டில் கழுத்துக்குக் கட்டு எதற்கு என்று ஒருவர் கேட்டார். "சுதந்திரத்தை ஒழுங்கா குடுக்கணும் இல்லையா சார்?" என்றார் ஹரிகிருஷ்ணன்.

ரெபேக்காள் இரண்டு பஸ் மாறி ஒன்பதரைக்கு வந்துவிட்டார். கிறிஸ்துமஸுக்கு எடுத்த புடவை. கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதில் நாலாயிரத்து இருநூறு வாக்கியங்களும் பிரிண்ட் எடுத்து, நூல் போட்டுக் கட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"பங்களிப்பாளர் எண்?" என்று ஹரிகிருஷ்ணன் கேட்டார்.

"நம்பரா? எனக்கு யாரும் குடுக்கலியே."

இங்கே ஒரு விதியைச் சொல்லவேண்டும். பங்களிப்பாளர் எண் வேண்டுமானால் ஏதாவது ஒரு கோப்பில் உங்கள் பெயர் இருக்கவேண்டும். கோப்பில் பெயர் வரவேண்டுமானால் அதை நீங்களே ஏற்றவேண்டும். ஏற்ற உரிமை வேண்டுமானால் பங்களிப்பாளர் எண் வேண்டும். எங்கள் பேரவையின் சின்னம் ஒரு வட்டம்.

"நான்தாங்க இதெல்லாம் செஞ்சது" என்று ரெபேக்காள் கவரை மேசைமேல் வைத்தார்.

ஹரிகிருஷ்ணன் பட்டியலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "கோபால், உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

ரெபேக்காளும் என்னைப் பார்த்தார். ரொம்பச் சுலபமான கேள்வி. ஆமாம் என்றால் முடிந்தது. ஆனால் ஆமாம் என்றால் அடுத்த கேள்வி வரும். அதற்கும் ஆமாம் சொல்லவேண்டும். மூன்றாவது கேள்வியில் என் பெயர் வரும்.

"முகாம்ல பாத்த ஞாபகம்" என்றேன்.

நான் பெரிய அதிகாரிகள் முன்னால் கொஞ்சம் அடக்கி வாசிக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, ரெபேக்காள் தலையை ஆட்டினார். பச்சை நாடாவை நானே அவர் கழுத்தில் மாட்டினேன்.

பத்து மணிக்குத் திறப்பு விழா. குத்துவிளக்கைத் திரையில் வரைந்து, மௌஸைத் தட்டினால் எரிகிற மாதிரி செய்திருந்தார்கள். தலைவர் தட்டினார், எரிந்தது. விளக்குக்குக் கீழே, 'இந்தக் கம்ப்யூட்டரில் இருப்பது திருட்டுப் பிரதி' என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் ஒரு அறிவிப்பும் வந்தது. விளக்கு எரிய, விலைக்கு விற்கிற மென்பொருள் ஒன்று தேவைப்பட்டதாம். அதை யாரோ இலவசமாக எடுத்து வந்திருந்தார்கள். விழா முடிகிறவரை அறிவிப்பு போகவில்லை.

கோதண்டராமன் மைக்கைப் பிடித்தார். மத்திய அரசில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பேச்சில் முற்றுப்புள்ளி அபூர்வம்.

"நண்பர்களே! இங்கே மேல் கீழ் என்பது கிடையாது என்பதை இந்த மேடையின் மீது நின்று பெருமையோடு அறிவிக்கிறேன். இங்கே தலைவர் என்று எவருமே இல்லை. இதை ஏழாவது ஆண்டாகத் தலைவராக இருக்கும் அனுபவத்தில் சொல்கிறேன். நமது கதவுகள் அனைவருக்கும் திறந்தே இருக்கின்றன, ஏ.சி. காரணமாக இப்போது மட்டும் சாத்தியிருக்கிறோம். உழைப்பவரின் பெயரை ஒளித்து வைத்து வியாபாரம் செய்கிற கூட்டம் அல்ல நாம்! நமது ஒவ்வொரு கோப்பிலும், உழைத்தவரின் பெயர் முதல் பக்கத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது!"

பலத்த கைதட்டல். கட்டற்றவர்கள் இடப்பக்கமும் திறந்தவர்கள் வலப்பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் பேச்சில் இரண்டு பக்கமும் தட்டிய இடம் இது ஒன்றுதான்.

"அத்தகைய ஓர் உழைப்பாளியை இன்று கௌரவிக்கிறோம். நாலாயிரத்து இருநூறு வாக்கியங்கள்! ஒவ்வொரு கோப்பையும் திறந்து நானே பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே பெயர். நமது கடைசி மொழிபெயர்ப்பாளர், திரு. கோபாலகிருஷ்ணன்!"

அந்த ஆங்கில வரியை அவர் அப்படியே தமிழாக்கிவிட்டார். எனக்குப் பிறகு தமிழில் மொழிபெயர்க்க ஆளே கிடையாது என்பதுபோல இருந்தது. கேடயத்திலும் அப்படியே பொறித்திருந்தார்கள்: 'கடைசி மொழிபெயர்ப்பாளர்'. சால்வை போட்டார்கள். வெயில் காலத்துக்குச் சற்றுக் கனமான சால்வை. கையில் மைக்கைக் கொடுத்து, இரண்டு நிமிடம் என்றார்கள்.

இரண்டு நிமிடம் தேவையில்லை. 'செய்தது செய்யூர் ரெபேக்காள், வராந்தாவில் நிற்கிறார்' என்று சொல்ல ஐந்து விநாடி போதும். சொல்லத்தான் மைக்கை வாங்கினேன், இதை யாரும் நம்ப வேண்டாம். எதிரே நூற்றைம்பது பேர். மூன்றாவது வரிசையில் என் கம்பெனி மேனேஜர். வாயைத் திறந்தேன்.

"இது என் தனிப்பட்ட உழைப்பு இல்லை" என்றேன். அரங்கம் அமைதியானது. "இது... சமூகத்தின் உழைப்பு."

சால்வைக்குக் கிடைத்ததைவிடப் பெரிய கைதட்டல். "என்ன பணிவு! என்ன பணிவு!" என்று கோதண்டராமன் என் முதுகில் தட்டினார்.

முதல் வரிசையிலிருந்து ஒரு பெண்மணி எழுந்தார். அவர்தான் சியாமளா. "ஒரு கேள்வி. 'அண்டூ'ங்கிறதுக்கு எல்லாரும் 'செயல் நீக்கு', 'செயல் தவிர்' இப்படி ஏதோ போடுறாங்க. நீங்க மட்டும் 'முன்போல்'னு போட்டிருக்கீங்க. சின்ன பட்டன்ல அழகா உக்காருது, யாருக்கும் புரியுது. எப்படித் தோணுச்சு?"

எனக்குத் தோன்றவில்லை. ரெபேக்காளுக்குத் தோன்றியது. எப்படி என்று போனில் சொல்லியும் இருக்கிறார். மனு அடிக்க வருகிறவர்கள், தப்பாக ஏதாவது மாறிவிட்டால், "யம்மா, முன்ன இருந்தா மாதிரியே ஆக்கிடும்மா" என்று பதறுவார்களாம். அந்தப் பதற்றத்துக்கு ஒரு வார்த்தை தேடினாராம்.

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். "நம் பழந்தமிழ் மரபில் காலத்தைப் பின்னோக்கிப் பார்க்கிற ஒரு பார்வை உண்டு. அந்தத் தத்துவத்திலிருந்து..." என்று ஆரம்பித்து, ஒரு நிமிடம் பேசினேன். என்ன பேசினேன் என்று இப்போது சொல்ல நா எழவில்லை. கோதண்டராமன் கண்களை மூடித் தலையாட்டினார். வராந்தா ஸ்பீக்கரில் எல்லாம் தெளிவாகக் கேட்டிருக்கும், அதை இழுத்துக் கட்டியவன் நான்தான்.

சாப்பாட்டு இடைவேளையில் சியாமளா என்னைத் தேடி வெளியே வந்தார். கோதண்டராமனும் கூடவே. "சார், எங்களுக்கு ஒரு ஆள் வேணும். உங்க மேனேஜர் உங்களை விடமாட்டேங்கிறார். உங்க குழுவில வேற யாராவது இருந்தா சொல்லுங்களேன்."

ரெபேக்காள் ஐந்தடி தூரத்தில் நின்றிருந்தார். மாநாடு நடந்த ஒன்றரை நாளில் கடவுள் எனக்கு மூன்றாவது சந்தர்ப்பம் கொடுத்தார் என்றுதான் சொல்லவேண்டும். நான் சால்வையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். பார்த்துப் பார்த்து, ரெபேக்காளே முன்னால் வந்தார்.

"மேடம், அந்த முன்போல்னு போட்டது நான்தான். எல்லாமே நான் செஞ்சதுதான். இதோ கீது பாருங்கோ." கவரை நீட்டினார்.

சியாமளா அவர் கழுத்திலிருந்த பச்சை நாடாவைப் பார்த்தார். கோதண்டராமன் மலர்ந்து சிரித்தார். "மிக்க மகிழ்ச்சி அம்மா! எங்கள் சமூகத்தில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். அதுதான் எங்கள் அழகு. ஆனால் வாயால் சொல்லக் கூடாது. இணையத்தில் பிழைப் பதிவேடு இருக்கிறது. அதில் பதிவு செய்யுங்கள். தக்கவர் பார்த்து ஆவன செய்வார்."

சியாமளா என் பக்கம் திரும்பினார். "இவங்க சொல்றது சரியா கோபாலகிருஷ்ணன்?"

"இவங்க உதவி பண்ணாங்க மேடம்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "டைப்பிங்."

ரெபேக்காள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று சந்தேகப்படுகிற பார்வை அது. பிறகு நீட்டிய கவரை மெதுவாகத் தன் பக்கம் எடுத்துக்கொண்டார்.

"வரேன் சார்" என்றார்.

அதுவரை அவர் என்னை சார் என்று கூப்பிட்டதே இல்லை. பச்சை நாடாவைக் கழற்றி, சுருட்டி, மேசைமேல் வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார். சாப்பிடக்கூட இல்லை. உள்ளே கட்டற்றவர்களுக்கும் திறந்தவர்களுக்கும் தனித்தனி வரிசையில் சாம்பார் சாதம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டு வரிசையிலும் பாராட்டு வாங்கினேன்.

திங்கட்கிழமை காலை ஆபீஸில் மெயிலைத் திறந்தால், பிழைப் பதிவேட்டிலிருந்து கடிதம். தலைவர் சொன்னபடியே, எங்கள் படிவத்தில், எங்கள் முறைப்படி ரெபேக்காள் பதிவு செய்திருந்தார்.

செய்து பார்த்தது: கோப்பைத் திறந்து, மொழிபெயர்ப்பாளர் பெயரைப் படித்தேன்.
எதிர்பார்த்தது: ரெபேக்காள்.
கிடைத்தது: கோபாலகிருஷ்ணன்.
தீவிரம்: சிறியது.

கீழே கோதண்டராமனின் குறிப்பு. 'பதிவுக்கு நன்றி. விதிப்படி, சம்பந்தப்பட்ட கோப்புகளின் கடைசி மொழிபெயர்ப்பாளரே இதை விசாரித்து முடிவு செய்வார்.'

அதாவது நான். என் முன்னால் மூன்று பட்டன்கள் இருந்தன: 'உண்மைதான்', 'செல்லாது', 'எங்களிடம் சரியாக இருக்கிறது'. மூன்றும் ரெபேக்காள் தமிழில் போட்டவை. பதிவேட்டையும் மாநாட்டுக்கு முந்தின மாதம் அவர்தான் முடித்துக் கொடுத்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை ஹரிகிருஷ்ணன் போன் செய்தார். "செல்லாதுன்னு போட்டுடுங்க கோபால். மாநாட்டு மலர் அச்சுக்குப் போயாச்சு, உங்க போட்டோ அட்டையில." நான் செல்லாது என்று போடவில்லை. அதை அன்றைக்குப் பெரிய வீரமாக நினைத்தேன். உண்மைதான் என்றும் போடவில்லை. அதற்கு முன் சியாமளாவுக்கு எல்லாவற்றையும் விளக்கி ஒரு கடிதம் எழுதிவிடுவது முறை என்று பட்டது. எழுத உட்கார்ந்தேன். முதல் வரைவில் நான் கோழையாக இருந்தேன். மூன்றாவது வரைவில் சூழ்நிலைக் கைதி ஆனேன். வியாழக்கிழமை எழுதிய ஐந்தாவது வரைவில், இந்த உண்மையை வெளியே கொண்டுவந்ததே நான்தான் என்கிற மாதிரி இருந்தது. அதைப் படித்தபோது எனக்கே அருவருப்பாக இருந்தது, எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை, என்ன ஆனாலும் சரி என்று 'உண்மைதான்' பட்டனை அழுத்தப் பதிவேட்டைத் திறந்தேன். பட்டன்கள் இல்லை. பதிவு செய்தவரே முந்தின நாள் சாயங்காலம் அதை மூடியிருந்தார். நாலு நாள் பார்த்திருக்கிறார். மூடுவதற்குக் காரணம் கேட்கிற கட்டத்தில் ஒரே வரி இருந்தது.

'நான் எதிர்பார்த்ததுதான் தப்பு.'

செய்யூருக்குப் போன் செய்தேன். கடைக்காரர் எடுத்தார். உள்ளே விசைகள் தட்டுகிற சத்தம் கேட்டது. "யாரு, கோபால் சாரா?" என்று உரக்கக் கேட்டார். சத்தம் ஒரு நொடி நின்று, மறுபடி தொடர்ந்தது. "அது வேலையா கீதாம் சார்" என்றார்.

சியாமளாவுக்கு எழுதிய கடிதம் ஐந்து வரைவாக இன்னும் என் பெட்டியில்தான் இருக்கிறது.

அன்று மதியம் பேரவையின் பதிவேட்டிலிருந்து வாராந்திரக் கடிதம் தானாக வந்தது. பொறுப்பில் இருக்கிற எல்லோருக்கும், அவரவர் பெயரில் முடிக்காமல் நிற்கிற பிழைப் பதிவுகளைச் சொல்லி வெள்ளிக்கிழமைதோறும் போவது. கோபாலகிருஷ்ணன் அவர்களுக்கு வணக்கம் என்று தொடங்கி, அதில் ஒரே ஒரு வாக்கியம்: 'உங்கள் பெயரில் பிழை எதுவும் இல்லை.'

அந்த வரியையும் தமிழில் போட்டது ரெபேக்காள்தான்.